கொம்பு முதலில் வரும்

ஜூன் 2, திங்கள்

நோயாளர் பதிவுக்காக நான் எழுதிய மென்பொருள் இன்று காலை முதல் அறக்கட்டளை மருத்துவமனையில் இயங்கத் தொடங்கிவிட்டது. புறநோயாளர் பிரிவின் கணினியில் நானே அதை நிறுவி, முதல் பதிவையும் நானே செய்து காட்டினேன். பெயர்: உலகநாதன். வயது: ஐம்பது. ஊர்: கோவில்பட்டி. பெட்டிகள் அனைத்தும் பச்சை விளிம்பு காட்டின. மனத்துக்கு நிறைவாக இருந்தது.

இம்மென்பொருளில் நான் பெருமை கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. பிழையை உள்ளே விட்டுப் பிறகு துரத்துவது என் வழக்கமன்று, வாசலிலேயே தடுத்துவிடுவேன். வயதுப் பெட்டியில் எழுத்தை அழுத்தினால் அது விழாது. கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மிகுந்தால் அதுவும் விழாது. பெயர்ப் பெட்டிக்குத் தமிழ் எழுத்தின் அமைப்பையே விதியாக எழுதியிருக்கிறேன்: கொம்பு, கால், சுழி முதலிய குறிகள் தனித்து நிற்கலாகா, முன்னால் ஓர் எழுத்து இருந்தால்தான் அதைப் பற்றிக்கொண்டு வரலாம். மீறினால், விசையை அழுத்திய அக்கணமே பெட்டி சிவக்கும், ஒலி எழும், தவறான குறி மறையும். ஒருவர் பெயர் முழுவதையும் அடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் குற்றம் சொல்வது அவருடைய நேரத்தை வீணாக்குவது என்பது என் கருத்து.

மாலை வீடு திரும்பிக் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது என் மனைவி செண்பகவல்லி வந்து நின்றாள்.

“என்னங்க, எனக்கு இங்க ஒரு…”

“இங்கன்னா எங்க? எப்ப இருந்து?”

“கொஞ்ச நாளா…”

“கொஞ்ச நாள்னா எத்தன நாள்? ஒரு வாரமா, ஒரு மாசமா?”

அவள் சிரித்துவிட்டு, அடுப்பில் தோசை கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். சொல்ல வந்ததை ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்து சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். பேசும்போது அவள் வலக்கை விரல்கள் இடது அக்குளை ஒட்டி நின்றிருந்தன. கொசுக்கடியாக இருக்கலாம். கொசுவர்த்தி வாங்க வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

புகார் ஏதும் இல்லை. கொசுவர்த்தி வாங்கினேன்.

ஜூன் 5, வியாழன்

மருத்துவமனைப் பதிவுப் பிரிவிலிருந்து தொலைபேசி. பேசியவர் ஜெபமணி அம்மையார்; அங்கே பெயர்களை உள்ளிடுபவர் அவர்தான். முன்பு தட்டச்சுப் பயிற்சி நிலையம் ஒன்றில் பல்லாண்டு கற்பித்தவராம். குரலிலும் ஒரு வகுப்பறை இருக்கிறது.

“சார், ஜெபமணி பேசுதேன். உங்க மிஷினு சும்மா சும்மா சத்தம் போடுது சார்.”

“தப்பா அடிச்சா சத்தம் வரும்மா. அதுக்குத்தான் வச்சிருக்கு.”

“தப்பா அடிக்கேனா? நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணுனவ சார். எம் பேரையே அடிக்க முடியல. கொம்புல கைய வச்சாலே…”

“கொம்பு தனியா நிக்காதும்மா. எழுத்தப் போட்டுட்டு அப்புறம் கொம்பு.”

“அதத்தான் சார் சொல்ல வாரேன், எங்களுக்கு…”

“நிதானமா அடிச்சுப் பாருங்க. சரியா வரும்.”

“சரி சார், நீங்க படிச்சவுக” என்று வைத்துவிட்டார். அக்குரலில் இருந்தது நன்றிதானா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

இரவு உணவின்போது செண்பகம், “அந்த ஆஸ்பத்திரியில லேடி டாக்டர் இருக்காங்களா?” என்று கேட்டாள். எந்தத் துறை என்று சொல்லாமல் பொதுவாகக் கேட்டால் எவ்வாறு விடை சொல்வது என்றேன். சும்மாதான் கேட்டேன் என்றாள். மருத்துவர் பட்டியலை நானே உள்ளிட்டமையால் பெயர்கள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு துறையாகச் சொன்னேன். பொது அறுவைப் பிரிவு, டாக்டர் நூர்ஜஹான் என்றபோது மட்டும், “அவுங்க என்னைக்கு வருவாங்க?” என்றாள். திங்கட்கிழமை என்றேன். அதன் பிறகு நான் சொன்ன துறைகளை அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

செண்பகம் காலையில் சாத்தூரில் இருக்கும் தன் அக்காளைப் பார்க்கப் போனாள். நானே சோறு வடித்து, நேற்றைய குழம்பைச் சுட வைத்துச் சாப்பிட்டேன். குழம்பு அடிப்பிடித்தது.

பிற்பகல் அவள் திரும்பினாள். அக்காளும் உடன் வந்திருந்தார். அக்காளைப் பார்க்கப் போனவளை அக்காளே கொண்டுவந்து விடுவானேன் என்று கேட்டேன். “பஸ்ல கூட்டம்” என்றார் அவர். கூட்டத்துக்கும் என் கேள்விக்கும் தொடர்பு இல்லை. ஆயினும் அவர் மூத்தவர், மேலே கேட்கவில்லை.

அக்காள் சென்றபின் செண்பகம் படுத்துக்கொண்டாள். மாலையில் எழுந்து, “என்னங்க, அந்த மிட்டாய் டப்பாவ எடுத்துத் தாங்க” என்றாள். கடலை மிட்டாய் டப்பா சமையலறை மேல்தட்டில் இருக்கும். எட்டாத உயரமானாலும் நுனிக்காலில் நின்று அவளே எடுத்துவிடுவாள். நான் கணக்கில்லாமல் தின்கிறேன் என்றுதான் அதை அங்கே வைத்ததே. எடுத்துக் கொடுத்தேன். ஒரு துண்டு எடுத்தாள், கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். இடது கையைத் தூக்க முடியவில்லை போலும். பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றதால் ஏற்பட்ட சுளுக்காக இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

மருத்துவமனை மேலாளரிடமிருந்து மின்னஞ்சல். ஆய்வகத்தில் சில அறிக்கைகள் உரியவர் பதிவோடு பொருந்தாமல் நிற்கின்றனவாம். மாதிரிப் புட்டியின் சீட்டில் பதிவெண் நனைந்து அழிந்துவிட்டால் ஆய்வகத்தார் பெயரை வைத்துத் தேடுவது வழக்கம். அவ்வாறு தேடினால், “அப்படி ஒரு பெயர் இல்லை” என்று என் மென்பொருள் சொல்கிறதாம்.

விடை எழுதினேன்: “தவறான பெயர் எதனையும் இம்மென்பொருள் ஏற்காது. எனவே தேடுவோரே பெயரைத் தவறாக உள்ளிடுகிறார்கள் எனக் கொள்ளுதல் வேண்டும்.” இரண்டு முறை படித்துப் பார்த்தேன். மறுக்க இயலாத வாக்கியமாகவே இருந்தது.

ஜூன் 14, சனி

ரசத்தில் உப்பு இல்லை. சொன்னேன். “அப்படியா” என்றாள். வழக்கமாக இதற்கு ஒரு பதிலடி கிடைக்கும்.

ஜூன் 16, திங்கள்

செண்பகம் சமையலறையில் தணிந்த குரலில் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். “இன்னும் ஏறலையாம்க்கா. வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்பாங்களாம். இல்லன்னா மறுபடியும் குத்தணுமாம்” என்பது காதில் விழுந்தது.

எது ஏறவில்லை என்று கேட்டேன்.

“கேஸ் மானியம்” என்றாள்.

மானியத்தை எதற்குக் குத்த வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். குக்கர் விசில் அடித்தது. அவள் அடுப்பை அணைக்கப் போனாள். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. வெங்காயம் அரிந்திருக்கிறாள்.

ஆனால் இன்று சமையலில் வெங்காயம் இல்லை. இதை இப்போதுதான், எழுதும்போதுதான், கவனிக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால் ஒன்றும் விட்டுப்போகாது.

மேலாளர் மீண்டும் அழைத்ததால் காலையில் மருத்துவமனைக்குப் போனேன். ஜெபமணி அம்மையார் என்னைப் பார்த்ததும் நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டார்.

“வாங்க சார். இன்னைக்கு நீங்க ஒண்ணும் பேசக் கூடாது. நான் அடிக்கேன், நீங்க பாருங்க.”

வரிசையில் முதலில் நின்றவர் பெயர் வேலுச்சாமி. அம்மையாரின் விரல் விழுந்தது. பெட்டி சிவந்தது, ஒலி எழுந்தது. திரையில் ஒன்றும் இல்லை. மறுபடியும் விரல் விழுந்தது. மறுபடியும் ஒலி.

“எந்த விசைய அழுத்துனீங்க?”

“கொம்பு. ‘வே’க்கு ரெட்டைக்கொம்பு.”

“‘வ’ எங்க?”

“கொம்பு போட்டுட்டுல்லா ‘வ’ அடிக்கணும்?” என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில், பாடம் படிக்காமல் வந்த மாணவனைப் பார்க்கும் சலிப்பு இருந்தது. “டைப்ரைட்டிங்ல அப்படித்தான் சார். பேப்பர்ல கண்ணுக்கு எது முன்னால நிக்குதோ அது முதல்ல. கொம்பு முதல்ல வரும், எழுத்து பின்னால வரும். நாப்பது வருசமா அப்படித்தான் அடிக்கேன். பழைய புரோகிராம்ல கொம்பு சும்மா நிக்கும், ‘வ’ வந்ததும் சேந்துக்கிடும். உங்க மிஷினுதான் ‘வ’ வரதுக்குள்ள கொம்பப் புடுங்கிப் போட்டுருது.”

நான் எழுத்தை முதலில் அழுத்திக் கொம்பை அடுத்து அழுத்தும் விசைப்பலகையில் பழகியவன். சோதித்தவனும் நான் ஒருவனே. என் பெயரில் கொம்பே இல்லை.

தட்டச்சு பயின்றவருக்குக் கொம்பு ஒரு தொடக்கம். அடுத்த விசை விழுந்தால் அது முழுமையடையும். என் விதி அந்த அடுத்த விசைக்கு இடமே கொடுக்கவில்லை. கோமதி, சேது, தேவகி, பேச்சிமுத்து, ஜெபமணி என்று எத்தனையோ பெயர்களை முதல் அடியிலேயே தட்டிவிட்டிருக்கிறது.

“பின்ன இத்தன பேரையும் எப்படிம்மா பதிஞ்சீங்க?”

“ஒரு வழி கண்டுபிடிச்சேன்” என்று தணிந்த குரலில் சொன்னார். “முதல்ல சும்மா ஒரு ‘ம’ அடிச்சிருவேன். நடுவிரலுக்குக் கீழேயே இருக்கு, பாருங்க. ‘ம’ முன்னால நின்னா கொம்ப விட்டுருது. அப்புறம் ‘வ’ அடிச்சா கொம்பு அதுல போய் ஏறிக்கிடும். முடிச்சுட்டு முன்னால போய் ‘ம’வை அழிச்சிருவேன்.”

“எப்பவும் அழிச்சிருவீங்களா?”

அவர் வரிசையைக் காட்டினார். வாசல் தாண்டி, வேப்பமரம் வரை நின்றது. “திங்கக்கிழமை இதுக்கு மூணு மடங்கு நிக்கும். சில சமயம் மறந்துருவேன் சார். சீட்டுல ‘ம’ன்னு வரும். யாரும் ஒண்ணும் கேக்கல. இனிஷியல்னு நெனச்சுக்கிடுதாங்க.”

என் மென்பொருள் பெயரை முதல் எழுத்திலிருந்துதான் பொருத்தும். ஆய்வகத்தார் வேலுச்சாமியைத் தேடினால் அது ‘வே’யில் தேடும். அவரோ ‘ம’வில் இருப்பார்.

‘ம’வில் தொடங்கும் பதிவுகளை எல்லாம் திரையில் வரவழைத்தேன். மகோவிந்தம்மாள். மசேதுராமலிங்கம். மபேச்சிமுத்து. ஜெபமணி அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொன்றாக ‘ம’வை நீக்கிக்கொண்டே வந்தேன்.

மசெண்பகவல்லி.

இவ்வூரில் அம்மன் பெயரே அது. வீட்டுக்கு ஒரு செண்பகவல்லி உண்டு. ‘ம’வை நீக்கினேன். வயது, நாற்பத்தாறு. கணவர் பெயர், உலகநாதன். தெரு எங்கள் தெரு. கைபேசி எண் எனக்கு மனப்பாடமான எண்.

யாரோ விளையாட்டுக்குச் செய்த சோதனைப் பதிவு என்றே முதலில் நினைத்தேன். அவ்வாறு நினைக்க எவ்வளவு விரைந்தேன் என்பதைக் குறித்து வைக்கிறேன். பதிவு நாள் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. பிரிவு, பொது அறுவை. மருத்துவர், நூர்ஜஹான். குறிப்பு: இடது மார்பில் கட்டி, ஊசி மூலம் திசு எடுக்கப்பட்டது. அறிக்கை: வரவில்லை.

“தெரிஞ்சவுகளா சார்?” என்றார் அம்மையார்.

“என் மனைவி” என்றேன். அவர் எழுந்து தம் தண்ணீர்ப் புட்டியை என் கையில் கொடுத்தார். வரிசையில் நின்றவர்களிடம், “செத்த நேரம் பொறுங்க, மிஷினு ரிப்பேர்” என்று உரக்கச் சொன்னார்.

ஆய்வகம் மாடியில். அங்கே எழுத்தர் இசக்கிமுத்து, உரியவர் தெரியாத அறிக்கைகளை ஒரு நீலத் தட்டில் அடுக்கி வைத்திருந்தார். பெயரைச் சொன்னேன்.

“இருக்கலாம் சார். ஆனா ஆளு வரணும். ஆளோட கையெழுத்து இல்லாம கவரப் பிரிக்கக் கூடாதுன்னு ரூல்ஸு. கம்ப்யூட்டர்லயும் அந்தப் பொட்டி ரொம்பாம மேல போகாது. நீங்கதான சார் அப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க?”

நான்தான். சரியான விதியும் அதுவே. அவளுக்குச் சொல்லப்பட வேண்டியதை அவளுக்கு முன்னால் நான் தெரிந்துகொள்வது முறையன்று. நீலத் தட்டை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கி வந்தேன்.

அதே நாள், மாலை

வீட்டுக்கு வந்தபோது செண்பகம் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் நினைவில் இல்லை.

“செண்பகம், அன்னைக்கு ஒண்ணு சொல்ல வந்தே. ‘எனக்கு இங்க ஒரு’ன்னு. மிச்சத்தைச் சொல்லு.”

அவள் கையில் இருந்த அவரைக்காய் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவளே சொல்ல வேண்டும் என்று நான் வாய் மூடி இருந்தேன்.

“ஒரு கட்டிங்க” என்றாள். “நெல்லிக்கா அளவு. இல்ல, அவ்வளவு கூட இல்ல. குளிக்கும்போது கையில தட்டுச்சு. மொதல்ல ஒண்ணுமில்லன்னு இருந்தேன். பொறவு ஒரு நாள் பெருசான மாதிரி இருந்துச்சு. இன்னொரு நாள் சின்னதான மாதிரி இருந்துச்சு.”

மாதிரி என்றால் என்ன, எந்த நாள், அளந்தாயா என்று மூன்று கேள்விகள் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. அவரைக்காய் ஒன்றை எடுத்து நார் உரிக்கத் தொடங்கினேன்.

“நீங்க கேள்வி கேப்பீங்க” என்றாள், நான் கேட்காத கேள்விகளுக்கு விடையாக. “எப்ப, எங்க, எவ்வளவுன்னு. எனக்கு எதுக்கும் பதில் தெரியாது. தெரியாதத எப்படிங்க சொல்ல? எல்லாம் தெரிஞ்ச பொறவு மொத்தமா சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். ரிப்போர்ட் வந்தா பேப்பரக் கையில குடுத்துரலாம்னு. பேப்பர்னா நீங்க முழுசாப் படிப்பீங்கல்லா?”

நான் அடுத்த அவரைக்காயை எடுத்தேன். அவள் மேலே பேசினாள். அக்காள் கூட வந்தது, ஊசி போடும்போது டாக்டர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டது, வெளியே வந்து சர்பத் குடித்தது, அக்காள் அழுதது, இவள் தேற்றியது. நடுநடுவே நிறுத்தினாள். ஒவ்வொரு முறையும் நான் குறுக்கே வருவேன் என்று பழக்கத்தில் காத்திருக்கிறாள் என்பது மெல்ல விளங்கியது. நான் வரவில்லை என்று கண்டதும் மறுபடியும் தொடங்கினாள்.

“சீட்டுல பேருக்கு முன்னால ‘ம’ன்னு போட்டிருந்துச்சு. உங்க பேருக்கு ‘உ’ல்லா வரணும்னு பாத்தேன். அப்புறம் மிஸஸ்ஸுக்குத் தமிழ்ல ‘ம’ போடுவாங்க போலன்னு விட்டுட்டேன்.”

அந்த ‘ம’ எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அறிக்கை ஏன் ஏறவில்லை என்றும் சொன்னேன். அது என்னால் நேர்ந்தது என்பதை எந்த அடைமொழியும் சேர்க்காமல் சொன்னேன்.

அவள் கையிலிருந்த அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

“அப்ப ரிப்போர்ட் வந்துருச்சா?”

“வந்திருக்கும். தட்டுல இருக்கும்.”

“அப்ப மறுபடியும் குத்த வேண்டாமா?”

“வேண்டாம்.”

“அது போதும்” என்று சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை நாளும் என் முன்னால் அழுததில்லை. நிறைய அழுதாள். அதையும் முடியும்வரை விட்டேன்.

அவரைக்காய் முழுவதும் நான் ஆய்ந்தேன். பாதிக் காய்களில் நார் இருந்ததாகச் சொல்கிறாள்.

ஜூன் 18, புதன்

நல்லபடியாக முடிந்தது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், வரிசை பிறகு.

எட்டரைக்கே மருத்துவமனையில் இருந்தோம். நீலத் தட்டை இசக்கிமுத்து மேசைமேல் வைத்து, உறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“செண்பகவல்லி… இந்தாருக்கு. வயசு எழுவத்தொண்ணு. முழங்கால்.”

“நான் இல்ல” என்றாள் செண்பகம்.

“தெரியுதும்மா. இந்த ஊர்ல செண்பகவல்லின்னு கூப்பிட்டா பாதி வார்டு எந்திரிச்சு உக்காரும். பொறுங்க… செண்பகவல்லி. நாப்பத்தாறு. இடது பக்கம். டாக்டர் நூர்ஜஹான். இதானா?”

பதிவெண் இருக்க வேண்டிய இடத்தில் மை கரைந்து ஒரு நீலத் திட்டு மட்டும் இருந்தது. வயது, பக்கம், நாள், மருத்துவர் கையொப்பம் என நான்கையும் திரையிலிருந்த பதிவோடு ஒப்பிட்டேன். இன்னொரு முறை ஒப்பிட்டேன். இதைச் செய்ய எனக்கு அனுமதி உண்டு என்று நினைக்கிறேன். செண்பகம் கையெழுத்திட்டாள். உறையை என்னிடம் நீட்டினாள்.

“நீங்களே படிங்க.”

“டாக்டர் படிக்கட்டும்” என்றேன். முதல் வரியைப் படித்து அரைகுறையாக ஒரு முடிவுக்கு வந்துவிட அஞ்சினேன்.

டாக்டர் நூர்ஜஹானுக்கு இன்று புறநோயாளர் நாள் இல்லை. அறுவை அரங்குக்குப் போகும் வழியில் எங்களை நிறுத்தி, நடைபாதையிலேயே உறையைப் பிரித்தார். இரண்டாவது பக்கத்துக்குப் போனார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். அந்நேரம் நான் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை என்பதைச் செண்பகமே பிறகு வியந்து சொன்னாள்.

“ஒண்ணுமில்லம்மா” என்றார். “சாதாரணக் கட்டி. கேன்சர் இல்ல. இந்த வயசுல நெறைய பேருக்கு வரும். ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை வந்து காட்டுங்க, பெருசாச்சுன்னா எடுத்துரலாம். இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம். வீட்டுக்குப் போங்க, நல்லா சாப்பிடுங்க.” பிறகு என்னைப் பார்த்து, “சார் ஏதோ கேக்கணும் போல இருக்கே?” என்றார்.

“இல்லை, டாக்டர்” என்றேன்.

அவர் போன பின்னும் நாங்கள் அந்நடைபாதையில் நின்றுகொண்டே இருந்தோம். சக்கர நாற்காலி ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. செண்பகம் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். இருபத்துமூன்று ஆண்டு மண வாழ்க்கையில் பொது இடத்தில் அவள் அவ்வாறு செய்ததில்லை. நான் அனுமதித்ததும் இல்லை. அவள் பிடித்த இடத்தில் துணி கசங்கியிருந்தது. இச்சட்டையை இன்று இஸ்திரிக்குப் போடவில்லை.

கீழே பதிவுப் பிரிவைக் கடந்தபோது ஜெபமணி அம்மையார் கம்பி வலைக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்டார்.

“நீங்கதானா மசெண்பகவல்லி?”

“ஆமாம்மா, நான்தான் அந்த ம” என்றாள் இவள்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்லையாம்.”

“ஸ்தோத்திரம்! உங்க வீட்டுக்காரரு நேத்து இருந்த இருப்புக்கு நான் அவருக்குத்தான் சீட்டுப் போடணும்னு நெனச்சேன்.”

இருவரும் சிரித்தார்கள். வரிசையில் நின்ற சிலரும், எதற்கென்று தெரியாமலே, சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் எதிரிலிருந்த உணவகத்தில் சாப்பிட்டோம். செண்பகம் பூரி கேட்டாள், பிறகு வேண்டாம் பொங்கல் என்றாள், பிறகு பொங்கலில் முந்திரி இருக்கிறதா என்று பரிமாறுபவரை விசாரித்துவிட்டு மறுபடியும் பூரி என்றாள். அவள் முடிவுக்கு வரும்வரை காத்திருந்தேன். இரண்டு செட் சாப்பிட்டாள்.

ஜூன் 19, வியாழன்

பெயர்ப் பெட்டியின் விதியைத் திருத்தினேன். விதியை நீக்கவில்லை, நீக்குவது தீர்வாகாது. அது வேலை செய்யும் நேரத்தைத்தான் மாற்றினேன். பயனர் பெயரை முழுவதும் அடித்து, அடுத்த பெட்டிக்குப் போகும்போது மட்டுமே இனிச் சரிபார்க்கும். அப்போதும் பிழை இருந்தால் ஒலி எழாது, எதனையும் அழிக்காது. பெட்டியின் அருகே ஒரு வரியில் என்ன என்று கேட்கும், அவ்வளவே. பெயரின் நடுவிலிருந்தும் தேடும் வசதியைச் சேர்த்தேன். நீலத் தட்டில் இருந்த மற்ற உறைகளுக்கும் உரியவர்கள் கிடைத்துவிட்டார்கள். மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன்: “பன்னிரண்டாம் தேதி நான் எழுதியது தவறு.”

பிற்பகல் மருத்துவமனைக்குப் போய்ப் புதிய வடிவத்தை நிறுவினேன். ஜெபமணி அம்மையார் கைகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மொதல்ல எம் பேரு” என்றார்.

விரல் விழுந்தது. வெற்றுப் பெட்டியில் ஒரு கொம்பு மட்டும், பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல், தனியே நின்றது. அதைப் பார்க்க எனக்குக் கூசியது. கை மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டது. அடுத்த விரல் விழுந்தது. கொம்பு நகர்ந்து ‘ஜெ’ ஆயிற்று. பிறகு ப, ம, ணி. பச்சை விளிம்பு.

“இப்பதான் சார் நான் இங்க வேலைக்குச் சேந்தேன்” என்றார்.

அன்று தொலைபேசியில் அவர் இதைச் சொல்லத்தான் வந்தார். இரண்டு முறை வந்தார். அதை அவரிடமே சொன்னேன்.

“விடுங்க சார். கிளாஸ்ல நானும் யாரையும் பேச விட்டதில்ல.”

ஜூன் 20, வெள்ளி

சாத்தூர் அக்காள் வந்திருந்தார். பேருந்தில் கூட்டமா என்று கேட்டேன். அவர் என்னைச் சற்றே அச்சத்தோடு பார்த்தார். நான் சிரித்த பிறகுதான் அவரும் சிரித்தார்.

ரசத்தில் உப்பு அதிகம். சொன்னேன். “அன்னைக்கு விட்டுப்போனது இன்னைக்கு” என்றாள் செண்பகம்.

ஜூன் 22, ஞாயிறு

மழை இல்லாத மேகமூட்டம். துணி காயவில்லை. காலை முழுவதும் தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

மதியம் சாப்பிட்டு முடித்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். செண்பகம் வந்து கதவருகே நின்றாள்.

“என்னங்க, எனக்கு ஒரு…”

நிறுத்திவிட்டாள். செய்தித்தாளின் எழுத்துகள் என் கண்முன் கலைந்தன. ஒரு என்ன என்று கேட்கவில்லை. எப்போதிருந்து என்று கேட்கவில்லை. தாளை மடித்து வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டே வந்து, எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எவ்வளவு நேரம் தாங்குவேன் என்று பார்க்கிறாள் என்பது உதட்டோரத்தில் தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

“…கடலை மிட்டாய் வேணும்” என்றாள். “டப்பாவ எடுத்துத் தாங்க.”

“இப்பத்தான் கை சரியாப் போச்சுல்ல?”

“போச்சு” என்றாள். “நீங்களே எடுத்துத் தாங்க.”

எடுத்துக் கொடுத்தேன். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன். அவள் பார்த்தாள், கணக்குக் கேட்கவில்லை. டப்பாவை இனிக் கீழ்த்தட்டிலேயே வைக்கப்போகிறாளாம்.